ரோஸலின் அக்காவின் நானூறு அன்னாசிச் செடிகள்

இல்லை, பிடுங்க விடமாட்டேன். சாவு வீட்டிலும் இதைத்தான் சொன்னேன்.

ரோஸலின் அக்கா நேற்றுக் காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். நாற்பத்தாறு வயது.

பெங்களூரு ரயிலில் ஆறு வருடம் என் பக்கத்து சீட். ஆபீஸ் வேறு வேறு... பேச்சு மட்டும் ஒன்று. பூதிகோட்டையில் இருக்கும் அவர் நிலத்தின் ஒரு மூலையில், சொட்டு நீர் போட்டு, இருவரும் நானூறு அன்னாசிச் செடி நட்டோம்.

தக்காளி மண்ணில் அன்னாசியா என்று சிரிக்காதவர் இல்லை. சிரிக்கட்டும் என்று விட்டோம்.

உரத்துக்கு அக்கா வைத்தது, தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்த்த அவர் அப்பாவின் கணக்கு.

“யூரியா ஃபர்ஸ்ட் ஷிப்ட், இலைய வளக்கும். பொட்டாஷ் செகண்ட் ஷிப்ட், இனிப்பு அதோட வேல. பூ வந்துடுச்சா... யூரியா கேஜ் லிப்ட்ல ஏறி மேல வந்து ஊட்டுக்குப் போயிடணும்.”

சொன்னவரே மீறினார். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை; காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விடுவார்கள். பெரிய பழத்துக்குத்தான் அங்கே மரியாதை. பூ வந்த பிறகும் ஒரு வரிசைக்கு, என்னிடம் சொல்லாமல், யூரியா வைத்தார்.

ஆல்டரில், பலிபீடத்தின் முன்னால், அந்தப் பழம் பக்கத்தில் இருந்த பூசணியை விட உயரம். பாதி உயரம் அதன் கொண்டை.

சர்ச் கமிட்டி அய்யா தட்டிப் பார்த்தார். “மருந்து போட்ட பழமாம்மா?”

“உரம் போட்டதுங்கய்யா,” என்றார் அக்கா. “நீங்க பி.பி.க்கு மாத்திர துன்றது இல்லியா?”

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதே வரிசைப் பழம் ஒன்றை அன்று காலை வீட்டில் அறுத்திருந்தார். நீர் கோத்த சதை. இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை.

ஏலம் தொடங்கியதும் முதலில் கை தூக்கியது அவர்தான். யார் கேட்டாலும் மேலே கேட்டார்.

“உங்க பழத்த நீங்களே எடுக்கறீங்களே, இன்னாக்கா இது?”

“வேற யாரும் இத துன்னக் கூடாதுடி. பேரு கெட்டுடும்.”

நான்கு நாள் அந்தப் பழத்தைத்தான் டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார்... முகம் சுளிக்காமல்.

நிலம் இனி அவர் தம்பிக்கு. நேற்று, சவப்பெட்டி பக்கத்தில் வைத்தே தம்பி ஆரம்பித்தார்.

“இன்னாத்துக்கும்மா இனிமே அன்னாசி? புடுங்கிட்டு தக்காளி வெச்சுக்கறேன்.”

“ரெண்டாவது காய்ப்பு எடுக்கற வரைக்கும் ஒரு செடியையும் தொட விடமாட்டேண்ணா. பாதி செடி என்னுது.”

சத்தமாகத்தான் சொன்னேன். ஜெபம் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பூ வருவதற்கு முன் வைக்கும் கடைசி பொட்டாஷ் இந்த வாரம். அது தவறினால் பழம் வரும், ருசி வராது.

போங்க அக்கா. நான் இருக்கேன்.

இன்று காலை அடக்கம் முடிந்ததும் பூதிகோட்டை பஸ் ஏறினேன். நானூறு செடிக்கும் அடி இலை இடுக்கில் பொட்டாஷ் வைத்துவிட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டேன்.