எழுதியவனையே சுற்றவிட்ட கணினி மொழி

கணினிக்கு மொழி எழுதப் புகுந்தவனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது என்பது, என்னைப்போல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு கடையின் மாடியில், ஆறு மாத ஒப்பந்தத்தில் எனக்கு அந்த வேலை. வாக்கியத்தின் எந்தப் பகுதி தன் மதிப்பை எந்தப் பகுதியிடமிருந்து பெறுகிறது என்று இலக்கண விதி எழுதுவதற்கென்றே ஒரு குட்டி மொழி. ஒப்பந்தம் முடிவதற்குள் வேலை நிரந்தரமாக வேண்டும். இல்லாவிட்டால் கிள்ளானில் பேசி வைத்திருந்த கமலா எனக்கில்லை.

வரிசை எங்கே?

முதலில் அதைப் பயன்படுத்திப் பார்த்தவர் பக்கத்து மேசை மகேஸ்வரி அக்கா. எது எதைச் சார்ந்தது என்று எழுதினால் போதும், எதை முதலில் கணக்கிடுவது என்பதை மொழியே பார்த்துக்கொள்ளும் என்று பெருமையடித்தேன். அக்கா நம்பவில்லை.

"வரிசையா சொல்லியே எங்க வீட்டுக்காரர் ஒரு வேலை செய்ய மாட்டேங்கிறார். சொல்லாமலே இது செய்யுமா லா?"

இரண்டு லோரி

போர்ட் கிள்ளான் சரக்குக் கம்பெனி ஒன்றின் பட்டியல்களைப் படிக்க இதில் விதிகள் எழுதினோம். அவர்கள் மேலாளர் பார்க்க வந்த அன்று திரை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியின் அளவு அதன் வகைக்காகக் காத்திருந்தது, வகை அளவுக்காகக் காத்திருந்தது. மாடிப்படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். மேலாளர் நிதானமாகத் தே தாரிக் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம யார்டுலயும் ரெண்டு லோரி இப்படித்தான் நிக்கும் பாஸ். ஹாரன் அடிப்பானுங்க, ஒருத்தனும் ரிவர்ஸ் எடுக்க மாட்டான்."

ஒப்பந்தம் முடிய ஒரு வாரம்

இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் விதிகளை முன்கூட்டியே கண்டுபிடித்து நிறுத்தும்படி மொழியைத் திருத்தினேன். மேலாளருக்குத் திருப்தி. என் முதலாளிக்குத்தான் வேறு கவலை. கல்யாணமாகாதவர்கள் சிங்கப்பூருக்கு ஓடிவிடுகிறார்கள், நீ கல்யாணம் செய்துகொள், நிரந்தரமாக்குகிறேன் என்றார். கமலாவின் அப்பாவோ, முதலில் வேலை நிரந்தரமாகட்டும், பிறகு தேதி பார்க்கலாம் என்றார்.

கிள்ளான் பஸ் நிலையத்தில் கமலாவிடம் புலம்பினேன். அவளை இழந்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். "இந்த மாதிரி வந்தா உங்க மொழி என்ன செய்யும்?" என்று கேட்டாள். பிழை என்று சொல்லி நின்றுவிடும் என்றேன். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"பெர்மனென்ட் ஆயிடுச்சுன்னு அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். தேதி குறிச்சாச்சுன்னு நீங்க பாஸ்கிட்ட போய் சொல்லுங்க."

வேலை நிரந்தரமானது, கல்யாணமும் நடந்தது, அந்த மொழியைத்தான் இரண்டாவதாக ஒருவரும் கேட்டு வரவில்லை.