சொந்தக்காரர்கள் நடத்திய விசாரணை

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், பெண்களின் புகாரை விசாரிக்கும் கமிட்டி முதல் தடவை கூடியபோது ஏதோ நிச்சயதார்த்தத்துக்குப் போய் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. தலைவி முதலாளியின் மனைவி. மேனேஜர் அந்தத் தலைவிக்குப் பெரியப்பா மகன். கணக்குப் பார்க்கும் அம்மா மேனேஜரின் மனைவி. வெளியாள் ஒருவர் கட்டாயம் வேண்டுமாம். அதற்காகக் காரில் வந்து இறங்கிய அம்மாள், முதலாளி மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி. நல்ல வெளியாள்! தொழிலாளர் சார்பில் நான். செக்கிங்கில், தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்துப் பழுதைப் பிரித்துப் போடுகிறவள்.

புகார் கொடுத்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தங்கித் தைக்கிறாள். புகார் அவளுடைய லைன் சூப்பர்வைசர் மேல். அவன் வேறு யாருமில்லை, தலைவியின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"தையல் பாக்கேன்னு வந்து முதுகுல கைய வைக்காரு மேடம். தள்ளி நில்லுங்கன்னு சொன்னா, தச்ச பீஸ எடுத்து மூஞ்சில வீசுதாரு" என்றாள்.

சம்பந்தியம்மாள் கொண்டுவந்த முறுக்குத் தட்டு அப்போது மேசையில் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவி அதைத் தம்பி பக்கம் நகர்த்தி, "நீயும் எடுத்துக்கடா" என்றார். அவன் எடுத்துக் கடித்தான்.

"ஏன்டா தம்பி, அப்படியெல்லாம் பண்ணுனயா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்லீங்ண்ணா."

"இல்லைங்கறானுங்களே" என்று மேனேஜர் எங்களைப் பார்த்தார். விசாரணை அவ்வளவுதான். சம்பந்தியம்மாள் வேறு, "சின்னதுல இருந்து பாக்கறனுங்க, தங்கமான பையன்" என்று தன் பங்குக்குச் சொல்லி வைத்தார்.

அந்தப் பெண் அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "யாருக்கும் சொந்தம் இல்லாத ஆளு ஒருத்தராச்சும் இங்க இருக்கியளா?" என்று கேட்டாள்.

நான் இருந்தேன். அவன் கை வைத்ததை என் செக்கிங் டேபிளிலிருந்தே பார்த்தவள் நான். வாயைத் திறப்பதற்குள் தலைவி என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏனுங்க்கா, பாப்பாவுக்கு ஆபீஸ் வேலை புடிச்சிருக்குதுங்களா?"

பாப்பா என்றது என் மகளை. கொஞ்ச நாள் முன்புதான் அவர்களே கூப்பிட்டு, "நம்ம கம்பெனி குடும்பம் மாதிரிங்க, புள்ளைய எதுக்கு வெளிய அனுப்பறீங்க" என்று வேலை கொடுத்தார்கள். செக்கிங் முழுக்க நான் மிட்டாய் கொடுத்தேன். அந்த வேலையை எதற்காகக் கொடுத்தார்கள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விளங்கியது. சீ, என்ன ஜென்மங்களோ.

சொந்தக்காரர்களை வேலைக்குச் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புருஷன் கட்டிங், பெண்டாட்டி டெய்லர், மச்சினன் அயர்னிங் என்றுதான் இந்த ஊர் பாதி பிழைக்கிறது. உழைத்துச் சாப்பிடுகிறார்கள், அதில் என்ன கேவலம்? ஆனால் தப்புச் செய்தவனும் தீர்ப்புச் சொல்கிறவளும் ஒரே தட்டில் முறுக்குத் தின்கிற இடத்தைக் கம்பெனி என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது.

"பாப்பா நல்லா இருக்குதுங்க" என்றேன். "இந்தப் புள்ள சொல்றதும் நெசமுங்க. கை வெச்சத நானே பார்த்தனுங்க."

முறுக்குத் தட்டை யாரோ நகர்த்தி வைத்தார்கள்.

அவனைத் தண்டித்துவிட்டதாகச் சொன்னார்கள். என்ன தண்டனை? சாமளாபுரத்தில் அவன் தாய்மாமன் நடத்தும் தறிப்பட்டறைக்கு மேனேஜராக அனுப்பினார்கள். அங்கேயும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். அந்தத் திருநெல்வேலிப் பெண்ணை ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். "வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். ஷிப்மெண்ட் நெருக்கடி என்பதால் என்னை விட்டுவைத்தார்கள். மகளுக்குப் போன் போட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வீடு திரும்பியபோது அவள் சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம், முறுக்குத் தின்றது வரைக்கும் சொன்னேன். கேட்டால் அவளுக்கும் எரியும் என்று நினைத்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "அந்தப் புள்ள உனக்கு என்னம்மா சொந்தம்? அவளுக்காக என் வேலையக் கெடுத்துப்போட்டயே" என்றாள்.

கேட்டது முதலாளி வீட்டு ஆள் இல்லை. நான் பெற்ற மகள்.