பூட்டிய அறைக்குள் ஒரு வால்வு

அந்த அம்மா மருந்துச் சீட்டைப் படித்து முடித்ததும் அதை மடிக்கத் தொடங்கிவிடுவார். முன்னால் ஒரு மடிப்பு, பின்னால் ஒரு மடிப்பு. மடித்ததை இழுப்பார், அமுக்குவார், எந்த இடத்தில் கிழிகிறதென்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "நம்ம வீட்டுல தட்டையா ஒரு காகிதம் கிடையாது" என்பார் கணவர். அலுவலகத்தில் அவருக்கு மடிப்பம்மா என்று பெயர்.

அணு உலைக்கு வால்வு வடிவமைப்பவர். அந்த உலையின் சூட்டைச் சுமந்து வருவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் வெடிக்கும். "கோவக்காரப் பிள்ளை. குழாய்க்குள்ள இருக்கற வரைக்கும் தங்கம்" என்பார். வால்வைத் திறந்து மூடும் தண்டைச் சுற்றி ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. அதற்காகத் தண்டுக்கு மெல்லிய எஃகில் மடிப்பு மடிப்பாக ஒரு சட்டை. தண்டு ஏறினால் நீளும், இறங்கினால் சுருங்கும்.

முதல் சட்டை, சோதனைக்கூடத்தில் நானூற்றுப் பன்னிரண்டாவது முறை திறந்தபோது விட்டுவிட்டது. ஒரு மடிப்பில் மயிரிழை விரிசல். அன்று சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பியது. மறுபடி வரைந்து முடிக்க மூன்று ஆண்டுகள். இரண்டாவது சட்டை ஐயாயிரம் முறை தாங்கியது. உலையில் பொருத்தினார்கள், சோடியத்தை நிரப்பினார்கள், அறையைப் பூட்டினார்கள். அதன்பின் அங்கே ஆள் நுழைய வழியில்லை.

ஒன்பது ஆண்டுகளாயிற்று. "லேசா சுத்துதுக்கா" என்று, மேல்தளத்திலிருந்து அந்த வால்வைத் திறந்து மூடும் ஆபரேட்டர்கள் சொன்னால் விடமாட்டார். "லேசான்னா எப்படிப்பா? நடுவுல எங்கயும் இடிக்கலயே?" என்று துருவித் துருவிக் கேட்பார்.

"ஹாஸ்டல்ல பிள்ளைய விட்டுட்டு கேட்டுக்கு வெளிய நிக்கற மாதிரி நிக்கற" என்று கணவர் சிரிப்பார். இவருக்குச் சிரிப்பு வராது.

போன வாரம் அந்த வால்வுக்கு அரையாண்டுச் சோதனை. அடுத்த சோதனை வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். அனுமதி வாங்கி, கையுறை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். பூட்டிய அறையின் கூரையைத் தாண்டி நீண்டு வரும் தண்டு, அங்கே ஒரு சக்கரத்தில் முடிகிறது. ஆபரேட்டர் தயாராக நின்றார்.

"தம்பி, ஒரே ஒரு சுத்து நான் சுத்தட்டுமா?"

ஆபரேட்டர் நெளிந்தார். "லைசன்ஸ் என் பேர்ல இருக்குக்கா. உங்களத் தொட விட்டா எனக்கு வேலை போயிடும்."

"தெரியும்ப்பா. மனசு கேக்கல, வாய விட்டுட்டேன்."

நாலடி தள்ளிப்போய் நின்றார். சக்கரம் சுழன்றது. தண்டு மெல்ல மெல்ல மேலே எழுந்தது. கீழே, யாரும் பார்க்க முடியாத இருட்டில், அவர் போட்ட மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருக்கும்.

கையுறையைக் கழற்றினார். முட்டி வலியோடு மெதுவாகக் குந்தி, வெறும் உள்ளங்கையைத் தரையில் பதித்தார்.