ஹேனாம் அத்தைக்கு வாய்த்த சம்பந்தி

குவாக் மல்சிம் என்று கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. தபால்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையைக் காட்டுவார். ஹேனாம் அத்தை என்று கேட்டால் மூன்று ஊர் நாய்களும் சேர்ந்து வழி சொல்லும். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹேனாம், இந்தப் பக்கம் எங்கள் ஜிந்தோ தீவு. பாலம் வருவதற்கு முந்தைய வருஷம் அங்கிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த ஊரே பெயராக ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. அவளுடைய வருத்தமெல்லாம் நாய்களைப் பற்றித்தான்.

எங்கள் தீவுக்கென்றே ஒரு நாய் இனம் உண்டு; அதன் ரத்தம் கலக்காமல் காக்கச் சட்டமும் உண்டு. தீவில் பிறக்கும் ஒவ்வொரு நாய்க்குட்டிக்கும் ஆறு மாதம் ஆனதும் பரிசோதனை நடக்கும். காது நிற்கிறதா, வால் சுருள்கிறதா, பல் சேர்கிறதா, நடை எப்படி என்று பார்ப்பார்கள். தேறினால் கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லு வைத்துப் பெயரைப் பதிவார்கள். தேறாவிட்டால் குட்டி பாலம் தாண்ட வேண்டும். வேறு இன நாய் அனுமதி இல்லாமல் உள்ளே வரவே கூடாது. இந்தச் சட்டத்தை அரசாங்கம் எழுதியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் நடத்துவது ஹேனாம் அத்தை.

அவளிடம் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. எந்த நாய்க்கு எது தாய், எது தகப்பன், யாருக்கு இடுப்பு எலும்பு சரியில்லை, யார் கொள்ளுத்தாத்தா ஆளைக் கடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தன் பெட்டைக்குப் பக்கத்து வீட்டுக் கடுவனைச் சேர்க்க நினைத்த ஒருத்தனை, சந்தையில் மீன் கூடைகளுக்கு நடுவே நிறுத்தி அவள் கத்தியதை நானே கேட்டிருக்கிறேன்.

"அது இதுக்குத் தாய்மாமன்டா! கூச்சமா இல்ல?"

"நாய்க்கு எங்க அத்தே கூச்சம்?"

"நாயக் கேக்கல. உன்னக் கேக்குறேன்."

குட்டி வாங்க வருகிறவர்கள் இன்னும் பாவம். முதலில் சாப்பாடு போடுவாள். அவர்கள் சாப்பிடும்போது தாய் நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் காலை நகர்த்துகிறார்கள், யார் மீனை ஒளிக்கிறார்கள் என்று பார்ப்பாள். பிறகு கேள்விகள். எத்தனையாவது மாடி? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சங்கிலி எத்தனை முழம்? ஒருமுறை சோல் நகரத்துக்காரர் ஒருவர் வாங்கிப்போன குட்டியைப் பால்கனியிலேயே வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பேருந்து பிடித்துப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவருடைய பணத்தைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு வந்தாள். அவர் கதவைத் திறந்ததற்கு நன்றியும் சொன்னாளாம்.

இத்தனை கறாருக்கும் காரணம் சட்டத்தின் மேல் பக்தி என்று ஊர் நினைக்கிறது. எனக்கு அவள் சொன்ன காரணம் வேறு. கல்யாணமாகி வரும்போது தன்னுடைய நாட்டு நாய் ஒன்றையும் படகுத்துறை வரை கூட்டி வந்திருக்கிறாள். வெளி நாய் ஏறக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். மணப்பெண் உடையோடு படகில் நின்று அழுதிருக்கிறாள்.

"என் நாயவே உள்ள விடாத ஊரு இது. அப்புறம் எவன் நாய் உள்ள நுழையுதுன்னு நானும் பாக்குறேன்," என்றாள். நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன வசந்தத்தில் அவளுடைய பெட்டை சூனிக்குப் பருவம் வந்தது. கறுப்பு உடம்பு, புருவத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு. ஏழு தலைமுறையாக அவள் கையிலேயே வளர்ந்த வம்சம். இடுப்பு, கண், இதயம் எல்லாம் மருத்துவரிடம் காட்டிவிட்டு, மாப்பிள்ளையாக ஊர்த்தலைவர் பாக் சுன்போக்கின் 'தளபதி'யைத் தேர்ந்தெடுத்தாள். தலைவரை அவளுக்குப் பிடிக்காது. தளபதியின் முட்டி எலும்பு பிடித்திருந்தது. பிறக்கும் குட்டிகளில் ஒன்றைத் தலைவர் முதலில் எடுத்துக்கொள்வார் என்று பேச்சு.

சேர்க்கை முடிந்த மூன்றாம் நாள் கடல் விலகும் திருவிழா. அன்றைக்குக் கடல் நீர் வற்றி நடுவில் நடைபாதை தெரியும்; அதைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வண்டி வண்டியாக வரும். பருவம் இன்னும் முடியவில்லை என்று அத்தைக்குத் தெரியும். அதனால் ஊரில் இருக்கும் அத்தனை கடுவன்களையும் கட்டிப்போடச் சொல்லி ஒலிபெருக்கியிலேயே அறிவிக்க வைத்தாள். கட்டினார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தும் வந்தாள். பிறகு நிம்மதியாகச் சூனியைக் கொல்லையில் விட்டுவிட்டு, விலகிய கடலில் சிப்பி பொறுக்கப் போனாள். கொல்லைச் சுவர் முழங்கால் உயரம்தான். எங்கள் தீவில் யாரும் நாய்க்கென்று சுவரை உயர்த்துவதில்லை. சுற்றிலும் கடல் இருக்கிறதே! பாலம் கட்டி நாற்பது வருஷமாகியும் எங்கள் தலையில் இன்னும் கடல்தான் வேலி.

கோடையில் நான்கு குட்டிகள். நான் மூன்று வருஷத்துக்கு முன்பே ஊர் ஊராகச் சுற்றியது போதுமென்று திரும்பி, அத்தையின் வெங்காயத்தாள் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்கு நானும் கூட இருந்தேன். இரண்டு மஞ்சள், ஒன்று தாயைப் போலக் கறுப்பு. நான்காவது வெளியே வந்ததும் அத்தை அதைத் துண்டால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். நிறம் போகவில்லை. சாம்பல் நிறத்தில் யாரோ மை தெளித்தது போல இருந்தது.

"அழுக்கா அத்தே?"

"வாய மூடுடி."

காய்ந்த மீன் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பைச் சூனிக்கு ஊற்றிவிட்டு, ஊருக்குச் செய்தி சொன்னாள்: "மூணு குட்டி." அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பச்சை நோட்டை மூன்று முறை முதலிலிருந்து புரட்டினாள். எந்தத் தாத்தாவும் சாம்பல் இல்லை. கண் திறந்தபோது ஒரு கண் கறுப்பு, மற்றது வானத்து நீலம். பால் மறந்ததும் நீலக்கண்ணனை வெங்காயத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றினாள். அங்கே என்ன சத்தம் என்று கேட்டவர்களிடம் தனக்கு இருமல் என்றாள். இரண்டு முறை குரைப்பது போலவே இருமியும் காட்டினாள்.

விடை உப்புச் சாடியிலிருந்து வந்தது. ஒரு நாள் கொட்டகையில் கிம்ச்சி ஊறுகாய்க்கு உப்பு எடுக்கும்போது, சாடியின் மூடி கை நழுவிக் காற்றில் பறந்தது. நீலக்கண்ணன் எம்பிக் குதித்து அதை வாயில் கவ்வி, திரும்ப எங்கள் காலடியில் வைத்துவிட்டு, இன்னொரு முறை எறி என்பது போலக் குனிந்து நின்றான்.

மூடியை எடுத்துப் பார்த்தேன். நாய்க்கு எறிந்து விளையாடும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் தட்டு. ஓரமெல்லாம் பல் தடம். நடுவில் குவாங்ஜு நகரத்துக் காப்பிக் கடை ஒன்றின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

"இது ஏது அத்தே?"

"திருவிழா அன்னிக்குக் கொல்லையில கெடந்துச்சு. சாடிக்குச் சரியா இருந்துது."

திருவிழாவன்று கடற்கரையில், படுக்கை வைத்த வண்டி ஒன்றின் திரைக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் 'கோலி' இன மேய்ப்பு நாய் ஒன்று எட்டிப் பார்த்ததை நான் பார்த்திருந்தேன். நான் சுற்றிய ஊர்களில் அந்த மாதிரி நாய்கள் ஆடு மேய்ப்பதைத் தினமும் பார்த்திருந்ததால் எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. அதை இப்போதுதான் சொன்னேன். அத்தை என்னை அடிக்க உப்பைத்தான் எடுத்தாள். வேறெதுவும் கையில் இல்லை.

"ஒரே பிரசவத்துல ரெண்டு அப்பனா?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"நாய்க்கு உண்டு. தெரிஞ்சுதானே ஊரையே கட்டிப்போட்டேன்!"

"சரி, இவன் ஒருத்தன்தானே? லாரியில போட்டுப் பாலத்தைத் தாண்டிருவோம். மத்த மூணுக்கும் சில்லு வாங்கிரலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அத்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெளியே தெரிந்தால் ஏழு தலைமுறை வம்சத்தின் மேலும் கேள்வி விழும். அவள் சந்தையில் கத்திய ஒவ்வொரு கத்தலையும் ஊர் திருப்பிக் கத்தும். "பாப்போம்," என்றாள்.

பரிசோதனைக்கு ஒரு வாரம் இருந்தபோது தலைவர் அழைத்தார். அவர் எடுத்துக்கொண்ட குட்டி அந்தக் கறுப்பு. காது ஈட்டி மாதிரி நிற்கும். நெஞ்சு, கால், வால், ஒரு குறை சொல்ல முடியாது. அதை அடுத்த மாப்பிள்ளையாக்கி ஊரெல்லாம் சேர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி, பேரன் செய்யுற வித்தையைப் பாருங்க," என்று கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

எங்கள் இனம் வேட்டை இனம். கோழியைக் கண்டால் இறகுதான் மிஞ்சும். கறுப்பன் பதினோரு கோழிகளையும் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலையில் சேர்த்தான். ஒன்று நழுவினால் வயிறு தரையில் உரச ஓடிப்போய், கண்ணாலேயே திருப்பி அனுப்பினான். ஒரு இறகு விழவில்லை.

"ராணுவ ஒழுங்கு!" என்றார் தலைவர். "அப்படியே தளபதி ரத்தம்! நேத்து என் பொண்டாட்டியோட தோழிங்க நாலு பேரையும் சமையக்கட்டுல சேத்து வச்சிட்டான். ஒருத்தியும் வெளிய வரல."

அத்தையின் முகம் வெளுத்தது. லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்:

"நீலக்கண்ணன ஒளிச்சுரலாம்டி. இவன எங்க ஒளிக்க? இவனுக்குச் சில்லு வச்சா பத்து வருஷத்துல தீவு நாயெல்லாம் கோழி மேய்க்கும்."

"தலைவர் ஒத்துக்க மாட்டார் அத்தே. உங்களுக்குத்தான் பேரு கெடும்."

"பேரு நோட்டுல சரியா இருந்தாப் போதும்."

பரிசோதனை நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே நின்றது. தலைவர் கறுப்பனுக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டி போட்டுச் சீவிக் கொண்டுவந்திருந்தார். பரிசோதகர் யாங் அம்மா அளவு நாடாவோடு வந்ததும், அத்தை நீலக்கண்ணனைக் கையில் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். மைதானம் சிரிப்பில் வெடித்தது.

"ஐயோ, அத்தே வீட்டுப் பொண்ணு ஓடிப்போச்சு!"

"மாப்பிள்ள வெளிநாடா அத்தே?"

"யாரு தாய்மாமன், யாரு மாமனார், நோட்டப் பாத்துச் சொல்லுங்க!" இது சந்தையில் திட்டு வாங்கியவன். பாவம், இந்த நாளுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவன்.

அத்தை எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை நின்றாள். "இன்னும் யாராச்சும் பாக்கி இருக்கா? சரி. யாங் அம்மா, இது எங்க சூனி குட்டிதான். மூணுன்னு நான் சொன்னது பொய். தப்பு என் மேல. நாலுக்கும் ரத்தம் எடுங்க. அது வரைக்கும் ஒண்ணுக்கும் சில்லு வைக்காதீங்க. கறுப்பனுக்கும் சேத்துத்தான்."

தலைவரின் சிரிப்பு நின்றது. "அண்ணி! என் குட்டிய எதுக்கு இழுக்குறீங்க? பொறாமையா?"

"கோழி மேய்க்குது தம்பி."

"அது அறிவு!"

"அறிவுதான். நம்ம அறிவு இல்ல."

மூன்று வாரம் தலைவர் அத்தையோடு பேசவில்லை. ஒலிபெருக்கியில் மற்ற தெருக்களுக்கு மட்டும் வணக்கம் சொன்னார். முடிவு வந்தது: மஞ்சள் இரண்டும் தளபதியின் பிள்ளைகள். நீலக்கண்ணன் இல்லை. கறுப்பனும் இல்லை.

அத்தை பச்சை நோட்டில் எழுதினாள். நான்கு குட்டி என்று எழுதி, இரண்டுக்கு நேரே தகப்பன் பெயர் இடத்தில் 'குவாங்ஜு, காப்பிக் கடை' என்று எழுதினாள். பிறகு உப்புச் சாடி மூடியைப் பார்த்து எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ, சம்பந்தியா?"

மறுநாளே வந்தார் அந்த மனிதர். முப்பத்தைந்து வயது, பெயர் ஓ தேஷிக், கையில் ஒரு பெட்டி பேரிக்காய், முகத்தில் மரண பயம். நாயைக் குவாங்ஜுவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. திரை போட்டு வண்டிக்குள்ளதான் வச்சிருந்தேன். பத்து நிமிஷம்தான் காணாமப் போச்சு."

"பத்து நிமிஷத்துல நல்லாத்தான் வேலை பாத்திருக்கான். உக்காருங்க, சாப்பிடுங்க."

சூனி அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் மீனில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அத்தை அதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டாள். எத்தனையாவது மாடி? பகலில் யார்? தினம் எத்தனை மணி நேரம் ஓட்டம்? உங்கள் நாய்க்கு ஏன் இன்னும் கருத்தடை செய்யவில்லை? கடைசிக் கேள்வி வந்ததும் அவர் பேரிக்காய்ப் பெட்டியை அத்தை பக்கம் நகர்த்தினார். அடுத்த வாரம் மருத்துவரின் சீட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் நீலக்கண்ணன் அவர் வண்டியில் ஏறினான். மாதம் ஒரு முறை படம் அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். வாரம் மூன்று அனுப்புகிறார்.

கறுப்பன்தான் சங்கடம். தலைவர் ஒரு நாள் மாலை எங்கள் லாரிக்குப் பக்கத்தில் வந்து, கையிலிருந்த வெங்காயத்தாளை உரித்துக்கொண்டே நின்றார்.

"அண்ணி, பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல எடமா ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன். என் பொண்டாட்டி அழுவுறா."

அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மலையடிவாரத்தில் வெள்ளாடு வளர்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்தாள். மூன்று பேரும் கறுப்பனை நடுவில் வைத்துக்கொண்டு லாரியில் போனோம். அத்தை கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் தலைவர் ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் எங்கே? மழை வந்தால் எங்கே படுக்கும்? மருத்துவர் எவ்வளவு தூரம்? சங்கிலி எத்தனை முழம்? ஆட்டுக்காரர் அத்தையை உதவிக்குப் பார்த்தார். அத்தை மலையைப் பார்த்தாள்.

"ஆடு எத்தனை இருக்கு?" என்றார் தலைவர்.

"முப்பதுங்க."

தலைவர் கறுப்பனைப் பார்த்தார். அவன் ஏற்கெனவே வேலிக்கு வெளியே வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்து, முப்பதையும் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தான்.

"பத்தாது," என்றார் தலைவர். "இன்னும் இருபது வாங்குங்க. அப்புறம் பேசுவோம்."