சீர்த்தட்டில் ஒரு மாத்திரை அட்டை

என் தங்கையின் கல்யாணப் பெட்டியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஃபோலிக் ஆசிட் மாத்திரைகளை ஒளித்து வைத்தவள் நான்தான். சீர்த்தட்டிலேயே எல்லோரும் பார்க்க வைக்கத்தான் ஆசைப்பட்டேன். மங்கல காரியத்தில் மருந்தா, வாயை மூடிக்கொண்டு இரு என்று அம்மா அதட்டினாள். அவளோடு மல்லுக்கட்ட நேரமில்லாததால் மாத்திரை புடவைக்கு அடியில் போனது. தட்டில் வைத்திருந்தால் வெறும் முணுமுணுப்போடு போயிருக்கும்.

என் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. என் முதல் பிள்ளையை ஐந்தாம் மாத ஸ்கேனோடு இழந்தேன். முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை என்று தில்லை நகர் டாக்டரம்மா சொன்னார். இன்னதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் போட்டால் இப்படி ஆகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்றார். தினமும் கீரை சாப்பிடுகிறேனே என்று அந்த நிலையிலும் அவரிடம் சண்டைக்குப் போனேன். கீரை நல்லதுதான், அது மட்டும் போதாது என்றார் பொறுமையாக. வீட்டில் யாரும் இதைப் பேசவில்லை. ‘கலைந்துவிட்டது’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அடுத்த முறை மூன்று மாதம் முன்பே மாத்திரையைத் தொடங்கினேன். அப்படிப் பிறந்த என் மகள் இப்போது ஸ்ரீரங்கத்து வீதியில் ஓடுகிற ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தங்கைக்கு இடம் முடிந்ததுமே அவளையும் அதே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான் அது.

கல்யாணமாகி மூன்றாம் நாள் உறையூரிலிருந்து தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். அவள் மாமியார் புடவைகளை பீரோவில் அடுக்கும்போது அட்டைகளைப் பார்த்துவிட்டார். அவருடைய மூத்த மகள் உண்டாகியிருந்தபோது தின்ற அதே மாத்திரை. உன் அம்மாவை உடனே வரச் சொல் என்றாராம். அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. வினையை வைத்தவள் நான், நானே போகிறேன் என்று கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினேன். என் ஒருத்தியின் அவசரத்தால் அவள் வாழ்க்கை போய்விடுமோ என்று பயந்தேன்.

தங்கையின் மாமியாரம்மாள் கத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு அட்டையை என் முன்னால் வைத்தார்.

“மாசமா இருக்கறவங்க போடற மாத்திரை, கல்யாணமாகி மூணு நாளான பொண்ணு பெட்டியில எதுக்கும்மா?”

எத்தனையோ சமாதானம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டு உண்மையையே சொன்னேன்.

“என் முதல் பிள்ளைக்கு இது லேட்டா வந்துதுங்க,” என்றேன். “முதுகுத்தண்டு முதல் மாசத்துலயே மூடிக்குமாம். நாள் தள்ளிப்போனது நமக்குத் தெரியறதுக்குள்ள அந்த வேலை முடிஞ்சிடுது. அதான் முன்னாடியே போடச் சொன்னேன்.”

ஸ்கேனில் பார்த்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த வீட்டில்தான். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன், கோபமும் இருந்தது. வேண்டுமானால் டாக்டரம்மாவையே கேளுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டு, இன்றைக்குப் போட்டாயா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருஷம் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் பேரனைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் சாய்த்து, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகை மெல்லத் தடவிப் பார்த்தார்.

இந்த வைகாசியில் அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றில் மஞ்சள், குங்குமம், வளையல். பக்கத்திலேயே மாத்திரை அட்டையும் டாக்டர் சீட்டும். ஒரு உறவுக்கார அம்மா முகத்தைச் சுளித்தார். இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்டார்.

“எங்க மருமக வீட்டுச் சீருங்க இது,” என்றார் அந்த அம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் என் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் நடந்தாள்.