ஆறாம் புத்தகம்

சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு சைவ ஆங்கிலப் பள்ளிக்கூடம். அங்கே லத்தீன் படிப்பிக்க ஒரு கத்தோலிக்க வேதக்காரரை வைத்திருந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் சீனியர் சோதனையில் லத்தீன் தேறாதவனுக்கு டொக்டர் படிப்பும் இல்லை, கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துப் படிப்பும் இல்லை. லத்தீன் தெரிந்தவர்களோ பாதிரிமாரும் அவர்களிடம் படித்தவர்களும்தான். பிள்ளைகளை மிசன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடாது என்று வைராக்கியமாக நின்ற மனேச்சர் சிவசுப்பிரமணியம், மலாயாவில் ரயில்வே வேலை பார்த்துப் பென்சனோடு வந்தவர், கடைசியில் பட்டினத்துக் கரையோரம் இருக்கிற குருநகருக்குப் போய்க் கனிசியஸைக் கூட்டிவந்தார்.

கனிசியஸ் மீன்பிடிகாரரின் மகன். பாதிரியாவதற்குக் குருமடத்தில் ஆறு வருடம் படித்து, பட்டம் பெறாமல் வெளியே வந்தவர். ஏன் வந்தார் என்பதற்கு அவர் ஒருவருக்கும் மறுமொழி சொன்னதில்லை. தகப்பன் அதற்குப் பிறகு அவரோடு முகம்கொடுத்துக் கதைக்காமலே செத்துப்போனார். கையில் மிஞ்சியது லத்தீன் ஒன்றுதான். அதைக் கொண்டு அருமைநாயகியைக் கலியாணம் செய்து, மூன்று பிள்ளைகளையும் பெற்றார்.

காலை ரயிலில் வருவார், பின்னேர ரயிலில் போவார். அவருக்குத் தண்ணீர் குடிக்க ஒரு தனிக் கோப்பை ஆணியில் தொங்கியது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. ஆனால் முதல் மூன்று வருடத்தில் ஐந்து பெடியன்கள் சீனியர் தேறினார்கள். அந்த ஊரில் அதற்கு முன் தேறியவர் ஒருவரும் இல்லை. கோயில் வீதியில் அவரைக் கண்டால் கமக்காரர் தோளில் கிடந்த சால்வையை இறக்கினார்கள்.

1932ஆம் ஆண்டுச் சோதனைக்கு ஏழு பேர். ஒவ்வொரு வருடமும் எந்த லத்தீன் பாடநூல் என்று கேம்பிரிட்ஜ் ஒரு சிறு புத்தகத்தில் அறிவிக்கும். பட்டினத்துப் பெரிய கல்லூரி ஒன்றின் வாசிகசாலையில் அதைப் பார்க்கலாம். தை மாதம் கனிசியஸ் போனார். வாசிகசாலைக்காரர் பூட்டுகிற அவசரத்தில் இருந்தார். கனிசியஸ் நின்றபடியே ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் பார்த்து எழுதிக்கொண்டார். பழைய லத்தீன் காவியம் ஒன்று, நாலாம் புத்தகம். முன்பு ஒருமுறை அதையே படிப்பித்திருந்தார். தேறிப்போன பெடியன்களின் பழைய பிரதிகள், வரிக்கு வரி பென்சிலில் கருத்து எழுதியவை, ஊரில் இருந்தன. ஒருவரும் புதுப் புத்தகம் வாங்கத் தேவையில்லை என்றதில் அவருக்குச் சந்தோசம்.

ஆனி மாதம் வகுப்பில் தியாகராசா எழும்பினான். வெங்காயம் செய்கிற ஏரம்புவின் ஒரே பிள்ளை. ஏழு பேரிலும் கெட்டிக்காரன், ஆனால் வாய் திறப்பது குறைவு.

"சேர், பட்டினத்திலை படிக்கிற என்ரை மச்சான் திருவிழாவுக்கு வந்தவன். தாங்கள் ஆறாம் புத்தகம் படிக்கினமாம்."

"எந்தச் சோதினைக்கு?"

"இந்தச் சோதினைக்குத்தான் சேர். அங்கை படிப்பிக்கிறவர் பாதிரியார். அவருக்குப் பிழைக்காதெண்டு சொன்னவன்."

அந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் கனிசியஸ் அடுத்த நாளே வாசிகசாலைக்குப் போய்ப் பார்த்திருப்பார். குருமடத்தால் வந்தவருக்கு, பாதிரியாருக்குப் பிழைக்காது என்ற சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அந்தப் பெடியனுக்கு எப்படித் தெரியும்? கனிசியஸ் சிரித்தார்.

"அப்ப உன்ரை மச்சானைக் கேம்பிரிட்ஜிலை கொண்டுபோய் வைப்பம். இரு, இரு. நாலாம் புத்தகத்தை முதலிலை ஒழுங்காய்ப் படி."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. தியாகராசாவும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தன் இடத்தில் இருந்துவிட்டான்.

மார்கழியில் சோதனை. லத்தீன் நாளன்று பட்டினத்தில் மண்டபத்துக்கு வெளியே, மழை ஈரம் காயாத ஒரு வேப்பமரத்தின் கீழ், பெடியன்களுக்கு வாழைப்பழமும் வடையும் வாங்கி வைத்துக்கொண்டு கனிசியஸ் நின்றார். முதலில் வந்தவன் தியாகராசா. நேரம் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. வினாத்தாளை நீட்டினான்.

முதல் வரியைப் பார்த்ததுமே அது எந்தப் புத்தகம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆறாம் புத்தகத்தை அவர் குருமடத்தில் மனப்பாடம் செய்தவர்.

மற்ற ஆறு பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "சேர், உந்தச் சோதினைக்காரர் பிழையாய்க் குடுத்திட்டாங்கள், என்ன? எங்கடை புத்தகத்திலை ஒரு வரியும் வரேல்லை."

"பாப்பம்" என்றார் கனிசியஸ்.

தியாகராசா அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வடையை ஒருவனும் தொடவில்லை.

அவர்களை ரயிலேற்றிவிட்டு நேரே வாசிகசாலைக்குப் போனார். சட்டைப் பையில் அந்தக் கடித உறை இருந்தது. அறிவித்தல் புத்தகத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தார். ரோம எண்ணில் நாலுக்கும் ஆறுக்கும் அதே இரண்டு குறிகள்தான், இடம் மட்டும் வேறு. ஐந்தைக் குறிக்கிற எழுத்துக்கு முன்னால் கோடு போட்டால் நாலு, பின்னால் போட்டால் ஆறு. அச்சில் கோடு பின்னால் இருந்தது. அவர் எழுதியதில் முன்னால் இருந்தது. குருமடத்தில் எட்டாம் நாள் படிப்பிக்கிற பாடம் அது.

வீட்டில் அருமைநாயகி சாப்பாடு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவர் கை கழுவவில்லை. நடந்ததைச் சொன்னார். அவள் சோற்றை மூடிவைத்தாள்.

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"அப்ப உங்களோடை இருக்கட்டும்" என்றாள்.

ஊரில் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மிசன்காரர் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தகத்தைச் சொல்லி, சைவப் பள்ளிக்கூடத்துக்கு மறைத்துவிட்டார்கள் என்று. மனேச்சர் நெருப்பாய் நின்றார். கேம்பிரிட்ஜுக்கும் பத்திரிகைக்கும் மனு அனுப்பவேண்டும். அதை இங்கிலீசில் எழுத ஆள் ஒருவர்தானே இருக்கிறார்.

"மாஸ்ரர், நல்லாய் உறைக்க எழுதும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை வாசிச்சுக் கையெழுத்து வாங்குவம்."

கனிசியஸ் எழுதினார். இரண்டு நாள் இருந்து எழுதினார். அவர் எழுதியவற்றிலேயே திறமானது அதுதான் என்று அருமைநாயகி பின்னாளில் சொல்லுவாள். அவளுக்கு இங்கிலீசு தெரியாது, அவர் வாசிக்கக் கேட்டவள். "இதைக் கூட்டத்திலை குடுங்கோ" என்றாள். "உங்கடை பேரும் தப்பும், அந்தப் பிள்ளையளுக்கும் ஏதும் நல்லது நடந்தால் நடக்கட்டும்."

"பிள்ளையளுக்கு ஒண்டும் நடவாது" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் நிறைந்திருந்தார்கள். மனேச்சர் அவரை எழுப்பினார். அவர் மனுவை மேசையில் வைத்துவிட்டு, "இதிலை எழுதினது பொய்" என்றார். "கேம்பிரிட்ஜ் பிழை விடேல்லை. மிசன்காரரும் ஒண்டும் செய்யேல்லை. நான் ஆறை நாலெண்டு எழுதிக்கொண்டு வந்தனான். பிழை என்ரை."

கூட்டத்துக்கு விளங்க நேரம் எடுத்தது.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்றார் மனேச்சர். "லத்தீன் வாத்தியாருக்கு ரோமன் இலக்கம் தெரியாதோ?"

"தெரியும் ஐயா. கை மாறிப்போச்சு."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏரம்பற்றை பெடியன் முந்தியே கேட்டவனெல்லே?" என்றார். தியாகராசாவை முன்னுக்கு அழைத்தார்கள். அவன் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தவன், எழும்பி வந்தான்.

"நீ கேட்டனியோ?"

"ஓம். ஆனியிலை கேட்டனான்."

"அதுக்கு உவர் என்ன செய்தவர்?"

பெடியன் கனிசியஸைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"சிரிச்சவர்" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வேண்டுமென்று செய்தவன், தெரிந்துகொண்டே ஏழு பிள்ளைகளைக் கெடுத்தவன், இதற்காகத்தான் மிசன்காரர் உள்ளே அனுப்பினார்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வேதக்காரனை நம்பி வீட்டுக்குள் விட்டோமே என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். கனிசியஸ் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. தியாகராசா ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனையும் ஒருவரும் கேட்கவில்லை.

"நீர் போம்" என்றார் மனேச்சர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "உமக்கு ஒண்டும் நடக்கமுதல் போம்."

பங்குனியில் சோதனை மறுமொழி வந்தது. ஏழு பேரும் லத்தீனில் தவறியிருந்தார்கள். தியாகராசா கணிதத்தில் விசேட சித்தி எடுத்திருந்தான். பள்ளிக்கூடம் சீனியர் வகுப்பையே நிறுத்திவிட்டது. இரண்டு பேர் பட்டினத்து மிசன் பள்ளிக்கூடத்துக்கு மாறினார்கள். மற்றவர்கள் தோட்டத்துக்கும் கடைகளுக்கும் போனார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கனிசியஸ் ஏரம்புவின் தோட்டத்துக்குப் போனார். கையில் ஒரு கொப்பி. ஆறாம் புத்தகம் முழுவதையும் வரிவரியாகக் கருத்தோடு எழுதியிருந்தார். வெங்காயப் பாத்திக்கு இறைப்பு நடந்துகொண்டிருந்தது. கிணற்றுத் துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதித்துக்கொண்டிருந்தவன் தியாகராசா. கீழே கிணற்றடியில் பனையோலைப் பட்டை பிடித்துத் தண்ணீர் ஊற்றியவர் ஏரம்பு. இறைப்பை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, தம்பியைத் திரும்பச் சோதினை எடுக்கவிடுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமையளிலை வாறன். எங்கையெண்டாலும் சரி, இந்தத் தோட்டத்திலை வைச்செண்டாலும் படிப்பிக்கிறன். எனக்கு ஒண்டும் தரவேண்டாம்."

ஏரம்பு இரண்டு பட்டை தண்ணீர் ஊற்றினார்.

"மாஸ்ரர், நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "வேணுமெண்டு செய்தவன் தானாய் வந்து சொல்லமாட்டான். ஊர் சொல்லுறதை நான் நம்பேல்லை."

கனிசியஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனால் ஒண்டு கேக்கிறன். கை மாறினது மனிசருக்கு வாறதுதான். என்ரை பிள்ளை எழும்பிக் கேட்டவனெல்லே? அப்ப ஏன் போய்ப் பாக்கேல்லை? ரயிலேறினால் பத்து மைல் வராது."

கனிசியஸ் நின்றார். துலா மேலே ஏறி இறங்கியது.

"பெருமை ஐயா" என்றார்.

ஏரம்பு அதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "என்ரை பெடியன் இப்ப ஒரு கேள்வியும் கேக்கிறானில்லை" என்றார். "சாப்பாடு எல்லாருக்கும் காணுமோ எண்டும் கேக்கிறானில்லை. குடுக்கிறதைத் திண்டிட்டு எழும்பிறான். நீங்கள் போயிட்டு வாங்கோ."

தியாகராசா துலாவிலிருந்து இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கொப்பியை வரம்பில் வைத்துவிட்டுக் கனிசியஸ் நடந்தார். அதை யாராவது எடுத்தார்களோ, தண்ணீர் பாய்ந்து போயிற்றோ, அவருக்குத் தெரியாது.

எந்தப் பள்ளிக்கூடமும் அவரை எடுக்கவில்லை. கதை அவருக்கு முன்னே போயிருந்தது. அதைவிடக் கொடுமையானது அவருடைய சொந்த வேதக்கோயிலில் நடந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, தெரிந்தவர் ஒருவர் தோளில் தட்டி, குரலைத் தாழ்த்தி, "நல்ல வேலை செய்தனீர் கனிசியஸ். சைவக்காரருக்கு ஒரு பாடம் படிப்பிச்சீர்" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

கனிசியஸ் வீட்டுக்கு வந்து முற்றத்தில் குந்தியிருந்து அழுதார். "சனம் திட்டினதைத் தாங்கினனான். இதைத் தாங்கேலாமல் கிடக்கு" என்றார். அருமைநாயகி அவர் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள். அதற்குப் பிறகு பெருநாளைத் தவிர அவர் கோயிலுக்குப் போகவில்லை. கருவாட்டு வியாபாரி ஒருவரிடம் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து, கொழும்புக்குப் போகும் சிப்பங்களில் முகவரி எழுதினார். பத்து வருடம் அதுதான் வேலை. தன் பிள்ளைகளுக்கு அவர் ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால், "பள்ளிக்கூடத்திலை கேள்" என்பார்.

தியாகராசா 1936இல் மலாயாவுக்குக் கப்பலேறினான். றப்பர்த் தோட்டத்தில் கிளாக்கர் வேலை. மாதம் ஒரு கடிதம் தகப்பனுக்கு வந்தது. யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபிறகு ஒன்றும் வரவில்லை.

1943இல் ஒரு மத்தியானம் ஏரம்பு குருநகருக்கு வந்தார். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சண்டையில் அகப்பட்டவர்களைத் தேடிக் கொடுக்கிற செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார்.

"ஊரிலை எழுதக்கூடியவை இருக்கினம்" என்றார் ஏரம்பு, ஒருவரும் கேட்காமலே. "ஆனால் அவனை அறிஞ்சவை இல்லை."

கனிசியஸ் எழுதினார். பெயர், வயது, தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதத்தின் திகதி. ஏரம்பு சொல்லச்சொல்ல ஒவ்வொன்றையும் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, பிறகு மகனின் பழைய கடிதங்களை வாங்கி இலக்கங்களை ஒவ்வொன்றாய் ஒப்புப் பார்த்தார். மூன்றுதரம் பார்த்தார். அருமைநாயகி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஏரம்பு எடுத்துக் குடித்தார்.

அந்த வருடமும் அடுத்த வருடமுமாக நாலு கடிதம் அனுப்பினார்கள். ஒன்றுக்கும் மறுமொழி வரவில்லை. சண்டை முடிந்து மலாயாக் கப்பல்கள் திரும்ப ஓடத் தொடங்கியபோது ஏரம்பு உயிரோடு இல்லை. கனிசியஸ் மட்டும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஆளனுப்பி விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரில் ஒருவரும் வந்து இறங்கவில்லை.