அப்பாவின் ஹெரால்டும் முட்டுச்சந்தும்

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அப்பாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்து, மூன்றாம் பக்கத்தில் சித்தப்பா எழுதியதைப் படித்திருப்பீர்கள். அவர் அனுப்பியதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. "அண்ணனுக்கு அந்தக் கார் என்றால் உயிர். அவர் உயிரை என் உயிராகவே நானும் பாதுகாத்தேன்" என்ற வரியையும் அப்படியே அச்சிடச் சொன்னேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எழுதலாமா, கூடாதா என்று பல வாரம் தடுமாறினேன். சில பத்திகளை அடித்துவிட்டு மறுநாள் மீண்டும் சேர்த்தேன். "நினைவு மலர்ல சண்டை வேணாமே" என்றார் என் கணவர். அவர் சொன்னது சரிதானோ என்று இப்போதும் தோன்றுகிறது. கடைசியில் அம்மாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டார்.

"இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப இருக்கட்டும். உங்க அப்பா படத்தை மட்டும் கொஞ்சம் பெருசாப் போடு."

அப்பா மயிலாப்பூரில் பிறந்தார். தெப்பக்குளத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீட்டில். அதே வீட்டில் வளர்ந்தார். அது இடிக்கப்பட்டு அடுக்குமாடியானபோது அதே மனையில் கீழ்த்தளத்தில் குடியேறினார். அங்கேயே கண் மூடினார். அப்பாவின் பதினாறாம் வயதில் தாத்தா தவறிவிட்டார். அப்பா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரையும் வேலைக்குச் சேர்ந்தார். சித்தப்பா கல்லூரிக்குப் போனார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை அப்பா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் சொல்லிக் காட்டுகிறேன்.

வரைபடக்காரரின் கை அப்பாவுடையது. பென்சிலைச் சீவுவதிலிருந்து வெண்டைக்காய் நறுக்குவது வரை எல்லாம் அளவோடு இருக்கும். தாம் வரைந்த ஒவ்வொரு படத்தின் மூலையிலும் சின்னதாகத் தமிழில் கையெழுத்திடுவார். வங்கி, பள்ளிக்கூடம், வாக்குச்சாவடி என எங்கே போனாலும் தமிழ்க் கையெழுத்துதான். "இங்கிலீஷ்ல போடுங்க சார், ஈஸியா இருக்கும்" என்று வங்கியில் ஒருவர் சொன்னபோது, "உங்களுக்கு ஈஸியா, எனக்கா?" என்று கேட்டுவிட்டுத் தமிழிலேயே போட்டார். சித்தப்பாவின் திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்தும் அப்படித்தான் இருக்கிறது.

கார் வாங்கும் ஆசை அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. சித்தப்பா அம்பாசடர் வாங்கினார். அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். சந்தின் அகலத்தையும், எங்கள் வாசலில் அது சற்று விரியும் இடத்தையும் அளந்து, காகிதத்தில் வரைந்து, எந்த வண்டி அங்கே பின்வாங்காமல் ஒரே ஒடிப்பில் திரும்பும் என்று பார்த்தார். பிறகு ஒரு பழைய ஹெரால்டு வாங்கினார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. இங்கிலாந்தில் வரைந்து, நம் சென்னைக்கு வெளியே செய்து, நம் ஊர்க்காரர்களே மறந்துபோன வண்டி. அம்பாசடரைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. ஃபியட்டுக்கும் ஆள் இருக்கிறது. ஹெரால்டு என்றால், "அப்படி ஒண்ணு இருந்துச்சுல்ல?" என்பார்கள். எங்களுடையது வெளிர்நீலம், இரண்டு கதவு. பின்னால் ஏற முன் இருக்கையை மடக்க வேண்டும். பருத்த மாமாக்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார்கள். மூடியைத் திறந்தால் சக்கரத்தின் மேல் இருக்கும் தகடோடு முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன் டயரில் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக வேலை பார்க்கலாம். என் குழந்தை முதல்முறை அதைப் பார்த்தபோது, "தாத்தா, முதலை வாயத் தொறக்குது" என்றாள். அப்பா அதற்குப் பிறகு அவளிடம் வேறு பெயர் சொன்னதில்லை.

என் கருத்தைக் கேட்டால், அது வேகமான வண்டி அல்ல. மழையில் கால் நனையும். ஆனால் முன் சக்கரம் ஒடிகிற ஒடிப்பில் வண்டி தன் வாலைத் தானே பிடிக்கப் பார்க்கும். எங்கள் சந்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டியை இதுவரை யாரும் செய்யவில்லை.

சித்தப்பா முதல் நாளே சிரித்தார். "அண்ணே, இது காரா, சோப்பு டப்பாவா?" அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து சித்தப்பா வாயில் அது டப்பாதான். ஒவ்வொரு காலையும் அவருடைய அம்பாசடர் சந்து முழுவதும் பின்னோக்கியே வெளியேற வேண்டும். பின்னால் ஒருவர் நின்று, "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, ஐயையோ நிறுத்து" என்று கத்துவார். எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாயை அம்பாசடர் மூன்று முறை சாய்த்தது. மூன்று முறையும் போய் மன்னிப்புக் கேட்டவர் அப்பா.

சித்திக்கு வலி எடுத்த நாளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பகல் நேரம், ஆனால் கொட்டுகிற மழையில் பின் கண்ணாடி வழியே எதுவும் தெரியவில்லை. சித்தப்பா அம்பாசடரைப் பாதிச் சந்துவரை பின்னுக்கு எடுத்து, பயந்துபோய்த் திரும்பவும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். சித்தியை அப்பாவின் வண்டிக்கு மாற்றினார்கள். அப்பா ஒரே ஒடிப்பில் திரும்பினார். மருத்துவமனை வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் சித்தியின் மூத்த மகன் பிறந்தார். அண்ணா, நீங்கள் இன்று இந்தக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள். உங்களை உலகத்துக்குக் கொண்டுவந்தது அந்த டப்பா. இதை உங்களிடம் யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் என் தம்பியும் பள்ளிக்குப் போனது, நான் தி.நகரில் வாழப்போனது, என் குழந்தையைப் பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தது, எல்லாம் அதில்தான். ராயப்பேட்டை காதர் பாய் அதன் மெக்கானிக். முன்மூடியின் உட்புறத்தில் தம் பெயரையும் கடையின் பெயரையும் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். "நைனா, இது உன் வண்டி இல்ல, என் வண்டி. நீ சும்மா ஓட்டிக்கினு போற" என்பார் அப்பாவிடம்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

சென்ற ஆண்டு அப்பா மருத்துவமனையில் இருந்தார். பகலில் நான், இரவில் தம்பி. சித்தப்பா அடையாறுக்குக் குடிபோய்விட்டதால், எங்கள் கட்டடத்தில் அவர் பங்கில் வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டாவது கார் வாங்கியிருந்தார்கள். அதற்கு இடமில்லை. ஒருநாள் நான் அப்பா வீட்டில் இருந்தபோது என் குழந்தைக்குக் காய்ச்சல். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் கிளம்புகிற நேரம் சித்தப்பா அங்கே வந்தார்.

"வண்டிச் சாவி குடும்மா. வெளிய பெயிண்ட் அடிக்கறாங்க, கொஞ்சம் தள்ளி நிறுத்தணும்."

அப்பா சாவியைத் தம் பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்திருப்பார். அதில்தான் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் இருக்கும். சாவியை மட்டும் எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு கைதான் காலியாக இருந்தது. பாக்ஸோடு கொடுத்துவிட்டேன். கேட்டது பெரியவர், கேட்டவுடன் கொடுப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள் நான். அந்த ஒரு கையை நான் நினைக்காத நாள் இல்லை.

நான்கு நாள் கழித்து அப்பாவின் வேட்டி எடுக்கப் போனேன். ஹெரால்டு நின்ற இடத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது. சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அது ஓடற வண்டியாம்மா? கொடுத்துட்டேன். அண்ணன் திரும்பி வந்து ஓட்டப் போறாரா?"

மறுவாரம் டாக்டர் அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். அப்பாவின் முகம் தெளிந்தது.

"நம்ம வண்டிய எடுத்துட்டு வா. ஆம்புலன்ஸ் வேணாம், நம்ம சந்துல அது திரும்பாது."

"வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குப்பா. காதர் பாய்கிட்ட."

அப்பா என்னைப் பார்த்தார். "பாய் நேத்துதான் என்னை வந்து பார்த்துட்டுப் போனாரு. ஒண்ணும் சொல்லலியே" என்றார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து உரித்தேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஆம்புலன்ஸ் அவரைப் பின்னோக்கியே சந்துக்குள் கொண்டுவந்தது. பின்னால் ஒருவர் நின்று "வா வா வா" என்று கத்தினார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. பதினோரு நாள் இருந்தார்.

ஈமச் சடங்கில் சித்தப்பா அழுதது உண்மையான அழுகையாகவே இருந்தது. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மூன்று மாதம் கழித்துக் காதர் பாய் போன் செய்தார். "இன்னாம்மா இது, நைனா வண்டி என் கடையில வந்து நிக்குது. யாரோ ஆதம்பாக்கத்துக்காரரு இட்டாந்துகீறாரு." கல்யாணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுபவர் அவர். வண்டி மக்கர் செய்ய, முன்மூடியைத் திறந்திருக்கிறார். பாயின் பெயர் இருந்திருக்கிறது. நேராக ராயப்பேட்டைக்கு வந்துவிட்டார்.

குழந்தையோடு போனேன். அந்த மனிதர் சலித்துப்போயிருந்தார். "பேர் மாத்தவே முடியலம்மா. கையெழுத்து ஒத்துப்போகலன்னு ஆபீஸ்ல திருப்பிட்டாங்க. வித்தவரு போனே எடுக்க மாட்டேங்கறாரு" என்று விற்பனைப் படிவத்தை நீட்டினார்.

அதில் அப்பாவின் பெயர் இருந்தது. அடியில் அப்பாவின் கையெழுத்து என்று ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில், சுழித்து, கீழே ஒரு கோடு இழுத்து.

சித்தப்பா என் அப்பாவின் சம்பளத்தில் படித்தவர். ஐம்பது வருடம் ஒரே சந்தில் இருந்தவர். தம் திருமணப் பதிவிலேயே அண்ணனின் கையெழுத்தை வைத்திருப்பவர். அவருக்கு அது தெரியவில்லை. திருடியதைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

நான் அழ ஆரம்பித்ததும் பாய் அந்த ஆதம்பாக்கத்துக்காரரிடம் ஏதோ உருதுவில் சொன்னார். அவர் என்னையும் குழந்தையையும் பார்த்தார். "வண்டிய எடுத்துக்கோம்மா. கொடுத்ததை உன் சித்தப்பாகிட்டயே வாங்கிக்கறேன். இந்தப் பேப்பர் ஒண்ணு போதும் எனக்கு" என்றார். வாங்கிவிட்டார் என்று கேள்வி. படிவத்தின் நகலை எனக்குக் கொடுத்தார்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் வேறு எழுத்து எதுவும் இல்லை. இரண்டு கையெழுத்துகள் மட்டும் அருகருகே இருக்கின்றன. ஒன்று, என் குழந்தையின் பள்ளிப் படிவத்தில் அப்பா போட்டது. மற்றது அந்த விற்பனைப் படிவத்தில் இருந்தது. எது யாருடையது என்று போடவில்லை. உங்களில் யாருக்கும் சந்தேகம் வராது.

நன்றி சொல்லவேண்டியவர்கள் சிலர். அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டிய அம்மாவுக்கும் தம்பிக்கும். இந்தக் கட்டுரையை வேண்டாமென்று சொல்லிவிட்டு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்த என் கணவருக்கு. கூலி வாங்க மறுத்த காதர் பாய்க்கு. பெயர் வேண்டாமென்ற ஆதம்பாக்கத்து ஐயாவுக்கு. எங்கள் சந்தில் சுவர் உரசாமல் வண்டியைக் கொண்டுவந்த, பெயர் தெரியாத ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு. ஆங்கிலத்தில் கையெழுத்திட்ட சித்தப்பாவுக்கு. அவர் தமிழில் போட்டிருந்தால் வண்டி எங்களுக்குத் திரும்பியிருக்காது.

நீங்கள் இதைப் படிக்கும்போது ஹெரால்டு இந்த மண்டபத்தின் வாசலில் நிற்கும். ஓட்டி வந்தது நானாகத்தான் இருப்பேன். வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருப்பேன். இரண்டு சிக்னலிலாவது நின்றுபோயிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் வயதானவர்களை வீட்டில் கொண்டுவிடுகிறேன், சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு முன் இருக்கை. அவர் வீடு அடையாறில், தூரமில்லை. வழியில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வண்டியை எடுத்து வா என்று அப்பா கேட்டபோது நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அவர் யோசித்துச் சொல்லட்டும். அவசரமில்லை, நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

மகள்